ஊர்ப்பெயரின் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தலைப்பைப் பார்த்ததும் "இதுக்கெல்லாம் ஒரு பதிவா?" என்று கேட்பீர்கள். ஆறு மாதம் முன்னால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கடைசி வருட ப்ராஜெக்ட்டின் வைவாவில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தேன். அந்த முழியின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

என் ப்ராஜெக்ட் என்ன என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தாலுகாவில் பேருந்து போகும் ஊர்களையெல்லாம் வரைபடத்தில் போட்டு, திரையில் ஜூம் செய்து பார்க்கும்படி ஒரு நிரல் எழுதினேன். கோடுகள் ஒழுங்காக வந்துவிட்டன. தகராறு செய்தவை பெயர்கள்தான். முதலில் நிலத்தோடு சேர்ந்து எழுத்தும் பெரிதாகும்படி எழுதினேன். ஜூம் செய்யச் செய்ய ஒரே ஒரு எழுத்து திரை முழுக்க நின்றது. வெளியே வந்தால் எல்லாப் பெயரும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. சரி என்று எழுத்தின் அளவை மாறாமல் கட்டிப்போட்டேன். இப்போது வெளியே வந்தால் முந்நூறு பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டன. கடைசியில் சின்ன ஊர்களின் பெயரை ஒளித்துவைத்து ஒப்பேற்றினேன்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஜூம் செய்து பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "இந்த ஊர் பெயர் ஏன் இந்த சைஸ்ல இருக்கு? அந்த ஊர் பெயர் ஏன் இல்லை?"

பதில் இல்லை. தேடிப் படித்தபோது, கிட்டத்தட்ட ஐந்நூறு வருடமாக ஆட்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

செம்புத் தகட்டில் எழுதிய காலம்

கெரார்டஸ் மெர்க்கேட்டர் (1512–1594) பெயரைப் பள்ளி பூகோளத்தில் படித்திருப்போம். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் முறைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 1569-இல் வெளிவந்த உலக வரைபடம் அது. ஆனால் அதற்கு 29 வருடம் முன்பே, 1540-இல், அவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். வரைபடம் பற்றியது அல்ல. இத்தாலிக் எனப்படும் சாய்ந்த எழுத்தை எப்படி அழகாக எழுதுவது என்பதைச் சொல்லித்தரும் கையேடு. 1536-இல் கெம்மா ஃப்ரிசியஸ் என்ற அறிஞர் தயாரித்த பூகோள உருண்டைக்கு எழுத்துகளைப் பொறித்துக் கொடுத்தவரும் மெர்க்கேட்டர்தான். அதாவது, அவர் உலக வரைபடக்காரர் ஆவதற்கு முன்பே எழுத்துக்காரர்!

அந்தக் காலத்து வேலை எப்படி? செம்புத் தகட்டில் உளியால் பொறிக்க வேண்டும், அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி. ஒரு எழுத்து தப்பானால் தகட்டின் பின்பக்கத்திலிருந்து தட்டிச் சமன் செய்து மறுபடி பொறிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு எழுதுகிறவன் யோசிக்காமல் எழுத மாட்டான். தலைநகருக்குப் பெரிய எழுத்து, சிற்றூருக்குச் சின்ன எழுத்து, ஆற்றுக்கும் கடலுக்கும் சாய்ந்த எழுத்து என்று வழக்கங்கள் உருவாயின.

கவனிக்க வேண்டியது: தாளில் ஜூம் கிடையாது. ஒரு தகடு என்றால் ஒரே ஸ்கேல். வேறு ஸ்கேல் வேண்டுமென்றால் வேறு தகடு, வேறு எழுத்து. எந்த ஊரைப் போடுவது, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்தார். நான் ஒரே நிரலில் எல்லா ஸ்கேலுக்கும் சேர்த்து முடிவெடுக்கப் பார்த்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பம்.

புகைப்படம் வந்தது

எழுத்தை நினைத்த அளவுக்குப் பெருக்கவும் சுருக்கவும் முடிந்தது புகைப்பட முறை வந்த பிறகுதான். அமெரிக்காவின் நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டியில் 1930-களில் இது நடந்தது. தலைமை வரைபடக்காரர் ஆல்பர்ட் பம்ஸ்டெட், எழுத்துகளைப் புகைப்படமாகக் கோக்கும் ஒரு கருவியைச் செய்தார். அதே இடத்தில் வேலை பார்த்த சார்லஸ் ரிடிஃபோர்ட் அதற்கென்றே எழுத்துருக்கள் வரைந்தார். புகைப்படத்தில் சுருக்கினாலும் படிக்க வர வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. அச்சான பெயர்த் துண்டுகளை வரைபடத்தின் மேல் ஒட்டினார்கள்.

அளவை மாற்றுவது சுலபமாகிவிட்டது. எங்கே வைப்பது, எதை விடுவது என்பது மட்டும் பழையபடி மனிதன் தலையில்தான்.

விதிகளை எழுதிவைத்தவர்கள்

சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் (1895–1986) சூரிச் நகரின் இடிஹெச் கல்லூரியில் வரைபடவியல் பேராசிரியர். தன் அனுபவத்தில் கண்டதையெல்லாம் 1962-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பெயரைப் பார்த்ததும் அது எந்த ஊருடையது என்று தெரிய வேண்டும். பெயர்கள் ஒன்றையொன்று மறைக்கக் கூடாது. கடற்கரை ஊரின் பெயரைத் தண்ணீர்ப் பக்கம் எழுது. ஆற்றின் பெயர் ஆற்றோடு வளைந்து போகட்டும். ஊரின் முக்கியத்துவம் எழுத்தின் அளவில் தெரியட்டும். இப்படிப் போகிறது பட்டியல். 1975-இல் இது ஆங்கிலத்தில் வந்தபின் கணினிக்காரர்களுக்கு இதுதான் பாடப்புத்தகம் மாதிரி ஆனது.

எத்தனை பெயரை விடுவது என்பதற்கும் ஒரு சூத்திரம் வந்தது. 1966-இல் டோப்ஃபர், பில்வைசர் இருவரும் எழுதியது. ஸ்கேல் சிறிதாகும்போது மிஞ்சும் பொருள்களின் எண்ணிக்கை, இரண்டு ஸ்கேல்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம். நம் ஊர் உதாரணம் போடுவோம். இந்திய நில அளவைத் துறை 1:50,000 ஸ்கேலிலும் 1:2,50,000 ஸ்கேலிலும் தாள்கள் வெளியிட்டிருக்கிறது. முதல் தாளில் 100 ஊர் இருந்தால், அதே பரப்புக்கு இரண்டாவது தாளில் எத்தனை? 50,000-ஐ 2,50,000-ஆல் வகுத்தால் 0.2. அதன் வர்க்கமூலம் சுமார் 0.45. ஆக 45 ஊர்.

சரி, எந்த 45? சூத்திரம் வாய் திறக்காது. காணாமல் போகிற 55 ஊரில் என் ஆச்சியின் ஊரும் இருக்கலாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

1972-இல் இஸ்ரேலைச் சேர்ந்த பின்ஹாஸ் யோயெலி, வரைபடத்தில் பெயர் எழுதும் வேலையைக் கணினிக்குக் கொடுப்பது எப்படி என்று எழுதினார். விதிகள் நிரலுக்குள் நுழைந்தது ஏறத்தாழ இங்கிருந்துதான்.

மண்ணுக்குச் சொந்தமா, கண்ணுக்குச் சொந்தமா?

திரையில் வரைபடம் பார்க்க ஆரம்பித்ததும் தாள் காலத்தில் இல்லாத புதுக் கேள்வி ஒன்று முளைத்தது. எழுத்தின் உயரத்தை எந்த அலகில் சொல்வது?

ஆட்டோகேடில் (முதல் பதிப்பு 1982) எழுத்து என்பதும் கோடு, வட்டம் போல வரைபடத்தில் கிடக்கிற ஒரு பொருள். 1:1000 ஸ்கேலில் அச்சிடும்போது எழுத்து 2.5 மில்லிமீட்டர் உயரம் வர வேண்டுமென்றால், வரையும்போது அதை 2.5 மீட்டர் உயரமாக வைக்க வேண்டும். தரையில் ஆளை விடப் பெரிய எழுத்து படுத்திருக்கிற மாதிரி! அதே படத்தை 1:500-இல் அச்சிட்டால் எழுத்து இரண்டு மடங்காகிவிடும். ஆகவே ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனி எழுத்து அடுக்கு வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். ஸ்கேலுக்குத் தக்கபடி தானே அளவை மாற்றிக்கொள்ளும் எழுத்து 2007-இல் வெளிவந்த ஆட்டோகேட் 2008-இல்தான் வந்தது.

மேப்இன்ஃபோ இரண்டு வகையையும் வைத்திருந்தது. அங்கே லேபிள் என்றால் எவ்வளவு ஜூம் செய்தாலும் அதே பாயின்ட் அளவு. டெக்ஸ்ட் என்றால் நிலத்தோடு சேர்ந்து பெருக்கும், சிறுக்கும். ஈஸ்ரீ நிறுவனத்தின் ஆர்க்மேப் ஒரு நல்ல சமரசம் செய்தது. ஒரு மேற்கோள் ஸ்கேலைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஸ்கேலில் எழுத்து கேட்ட அளவில் இருக்கும். மற்ற ஸ்கேலில் விகிதப்படி மாறும். கணக்கு எளிது. மேற்கோள் 1:10,000, எழுத்து 10 பாயின்ட் என்றால், 1:20,000-இல் 5 பாயின்ட், 1:5,000-இல் 20 பாயின்ட். அந்த ஒரு எண்ணை அழித்துவிட்டால் எழுத்து மறுபடி மாறாத அளவுக்குப் போய்விடும். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் மென்பொருளிலும் எழுத்தின் அலகாகப் பாயின்ட்டையும் தேர்ந்தெடுக்கலாம், வரைபட அலகையும் தேர்ந்தெடுக்கலாம்.

அலகு பாயின்ட் என்றால் எழுத்து பார்க்கிறவன் கண்ணுக்குச் சொந்தம். அலகு மீட்டர் என்றால் மண்ணுக்குச் சொந்தம். என் ப்ராஜெக்ட்டில் முதலில் செய்த தப்பு இரண்டாவது வகை. இணைய வரைபடங்களில் ஒரு படி ஜூம் என்றால் இரண்டு மடங்கு. பத்தாம் படியில் 12 பிக்சல் எழுத்து, பதினாறாம் படியில் 12-ஐ ஆறு முறை இரட்டித்தால் 768 பிக்சல். என் லேப்டாப் திரையின் உயரமே அவ்வளவுதான். பக்கத்து ஊர் எங்கே தெரியும்? ஐந்தாம் படிக்கு வெளியே வந்தால் அரை பிக்சல்கூட இல்லை.

கணினிக்கே கஷ்டமான கணக்கு

சரி, கண்ணுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டால்? இடம் போதாது. நிலம் சுருங்குகிறது, எழுத்து சுருங்கவில்லை. ஒன்றோடொன்று இடிக்காமல் உட்கார வைப்பது எப்படி?

ஒரு ஊர்ப் புள்ளியைச் சுற்றி நான்கு இடத்தில் பெயர் எழுதலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஊர் இருந்தால் மொத்தச் சாத்தியங்கள் 4-ஐ 50 முறை பெருக்கி வரும் எண். 31 இலக்கம்! எல்லாவற்றையும் சோதிப்பது நடக்காத காரியம். குறுக்கு வழி உண்டா என்றால், 1991-இல் ஜெர்மனியில் ஃபோர்மன், வாக்னர் இருவரும் அமெரிக்காவில் மார்க்ஸ், ஷீபர் இருவரும் தனித்தனியாகக் காட்டியது இது: எப்போதும் மிகச் சிறந்த விடையைத் தரும் வேகமான வழி யாருக்கும் தெரியாத கடினமான கணக்குக் கும்பலில் இதுவும் ஒன்று.

இதில் ஃபோர்மன், வாக்னர் எடுத்துக்கொண்ட கேள்வி எனக்குப் பிடித்தது. ம்யூனிக் நகர நிர்வாகம் நிலத்தடி நீருக்காகத் துளைத்த ஆழ்துளைகளை வரைபடத்தில் குறிக்க வேண்டியிருந்தது. எந்தத் துளையையும் விடக் கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு லேபிள். அப்படியானால் அந்த லேபிள் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? சிறந்த அளவில் பாதியாவது கிடைக்கும் என்று உறுதி தரும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதைவிட நல்ல உறுதி தருவதும் அதே மாதிரிக் கடினம் என்றும் நிரூபித்தார்கள்.

1995-இல் கிறிஸ்டென்சன், மார்க்ஸ், ஷீபர் மூவரும் பல வழிகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில் ஒரு தகவல் வருகிறது. கையால் செய்யும் வரைபடக்காரர் மணிக்கு 20 முதல் 30 பெயர்தான் வைப்பாராம். நல்ல வரைபடம் என்றால் வேலை நேரத்தில் பாதிவரை பெயர்களுக்கே போகுமாம். தாறுமாறாக ஆரம்பித்துச் சின்னச் சின்ன மாற்றங்களாகச் செய்து, சூட்டுலோகம் மெல்ல ஆறுவதுபோல் நிலைக்கு வரும் முறை நன்றாக வேலை செய்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

டைல்களின் காலம்

2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. வரைபடத்தைச் சின்னச் சின்னச் சதுரப் படங்களாக வெட்டி வைத்திருந்தார்கள். இணைய வரைபடங்களில் நிலைத்துவிட்ட கணக்குப்படி ஒவ்வொரு படியிலும் சதுரங்கள் நான்கு மடங்காகும். பூஜ்யம் படியில் 1, பத்தாம் படியில் 10,48,576, பதினைந்தாம் படியில் 107 கோடிக்கும் மேல். இந்தச் சதுரங்கள் பூமியை விரிக்கும் விதம் அதே மெர்க்கேட்டர் முறையின் ஒரு வடிவம். எழுத்துக் கையேடு எழுதிய அதே மனிதர்!

இந்தப் படங்களில் பெயரும் சேர்ந்தே பதிந்திருந்தது. ஒரு வகையில் செம்புத் தகடு திரும்ப வந்த மாதிரிதான். ஒவ்வொரு படிக்கும் தனிப் படம், தனி எழுத்து. 2007-இல் ஐபோன் வந்து இரண்டு விரலால் விரிக்கும் பழக்கம் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. விரிக்கும்போது எழுத்தும் படத்தோடு மங்கலாகப் பெரிதாகும். விரலை எடுத்ததும் புதுச் சதுரம் வந்து விழும், எழுத்து சட்டென்று சின்னதாகும். பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப்பெயர் வேறு பக்கம் தாவியிருக்கும்.

இது எரிச்சல் மட்டுமல்ல, ஒரு கணக்குப் பிரச்சினையும்கூட என்று 2006-லேயே பீன், டைகஸ், யாப் மூவரும் எழுதிவிட்டார்கள். அவர்கள் கேட்டவை: உள்ளே ஜூம் செய்யும்போது ஏற்கெனவே தெரிந்த பெயர், திரைக்கு வெளியே போனாலொழிய, மறையக் கூடாது. வெளியே வரும்போது புதுப்பெயர் திடீரென்று முளைக்கக் கூடாது. எழுத்தின் இடமும் அளவும் தாவாமல் படிப்படியாக மாற வேண்டும். எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தாலும் அதே படம் தெரிய வேண்டும். இம்ஹோஃபின் தாள் விதிகளுக்கு ஜூம் காலத்துத் தம்பி என்று இதைச் சொல்லலாம் :-)

நடுவழி

2010 டிசம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டு போன்களுக்குப் படங்களுக்குப் பதில் கோடுகளையும் பெயர்களையும் தகவலாகவே அனுப்ப ஆரம்பித்தது. வரைவது போனின் வேலை. மற்றவர்களும் அந்த வழியில் வந்தார்கள். எந்த அளவிலும் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்க ஒரு தந்திரம் கைகொடுத்தது. வீடியோ கேம் செய்யும் வால்வ் நிறுவனத்தின் கிறிஸ் கிரீன் 2007-இல் விளக்கியது. எழுத்தின் படத்தைச் சேமிக்காமல், ஒவ்வொரு புள்ளியும் எழுத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சேமிப்பது. 2014 வாக்கில் மேப்பாக்ஸ் இதை வரைபட எழுத்துக்குப் பயன்படுத்தியது.

எழுத்தின் அளவையும் ஒரு விதியாக எழுத முடிந்தது. பதினோராம் படியில் 10 பிக்சல், பதினாறாம் படியில் 15 பிக்சல், நடுவில் சீராக மாறு என்று சொன்னால் போதும். நிலம் 32 மடங்கு விரியும்போது எழுத்து ஒன்றரை மடங்குதான் வளரும். மண்ணுக்கும் முழுக்கச் சொந்தமில்லை, கண்ணுக்கும் முழுக்கச் சொந்தமில்லை.

நமக்கு இதில் ஒரு இடி விழுந்தது. இந்த முறையில் ஆரம்பத்தில் ஒவ்வொரு எழுத்துக் குறியீட்டையும் தனித்தனியாக எடுத்து வரிசையாக அடுக்கினார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. "சென்னை" என்பதில் கொம்பு 'ச'வுக்கு முன்னால் வர வேண்டும். ஆனால் கணினியின் சேமிப்பில் அது 'ச'வுக்குப் பின்னால் இருக்கிறது. அடுக்கும்போது கொம்பு இடம் மாறிப் பெயர் உடைந்தது. பெரிய பரப்பின் பெயரை இடைவெளி விட்டுப் பரப்பி எழுதும் பழைய வழக்கத்திலும் இதே ஆபத்து. இடைவெளி விட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்துவிடும். எழுத்து என்பது 26 தனித்தனித் துண்டு என்ற நினைப்பு நிரலுக்குள் ஒளிந்திருந்தது.

கடைசியாக ஆச்சி

வைவா முடிந்து ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் ப்ராஜெக்ட்டைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "எல, நம்ம ஊரு எங்க இருக்கு?" என்றாள். நான் ஜூம் செய்தேன். இன்னும் செய்தேன். பக்கத்து டவுன் திரையை விட்டே போன பிறகுதான் ஊர்ப்பெயர் வந்தது. "இவ்வளவு உள்ள போய்த்தான் பாக்கணுமா?" என்று கேட்டாள். தேர்வாளர் கேட்டதும் அதே கேள்விதான்.

நான் ஊர்களை மக்கள்தொகைப்படி வரிசைப்படுத்தியிருந்தேன். யாரும் சொல்லவில்லை, பட்டியலில் அந்த எண் தயாராக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இது பேருந்து வரைபடம். பேருந்தின் முகப்பில் எழுதியிருப்பது கடைசி ஊரின் பெயர். ஆச்சி ஊர் சின்னதுதான், ஆனால் ஒரு வண்டி அங்கேதான் திரும்புகிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

நிரலை மாற்றினேன். வண்டி திரும்பும் ஊர்கள் எட்டாம் படியிலிருந்தே 11 பிக்சலில் தெரியும். மற்றவை பதினோராம் படியில் 10 பிக்சலில் தொடங்கும். இரண்டும் மெல்ல வளரும். ஒருமுறை வந்த பெயர் உள்ளே போகப் போக மறையாது. மாற்றியது மொத்தமே ஏழெட்டு வரி.

செம்புத் தகட்டில் பொறித்தவருக்குத் தான் ஒரு ஊரை விடுகிறோம் என்று தெரிந்திருந்தது. நிரல் எழுதுகிற நமக்கு அது தெரியாமலே நடந்துவிடுகிறது. தேர்வாளரிடம் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. மார்க் போனது போனதுதான் :-(

நண்பர்களே, உங்கள் ஊர்ப்பெயர் உங்கள் போன் வரைபடத்தில் எந்த ஜூமில் தெரிகிறது, அதற்கு முன்னால் எந்த ஊர் தெரிகிறது என்று பார்த்துப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தகவல் தப்பு இருந்தாலும் தயங்காமல் சொல்லலாம். அடுத்த பதிவில் சந்திப்போம்.